டிவிக்குப் பாடு வைத்தவர்

பழவேற்காடு ஏரியில் மீன் குறையும், இறால் குறையும், மழை பொய்த்தால் தண்ணீரே குறையும். எந்த வருஷமும் குறையாமல் இருந்தது எங்கள் வீட்டு ஓனரிடம் இருந்த நியாயம் மட்டும்தான். ஊரில் அவருக்குப் பெயரே 'ஞாயம்'. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

நான் அப்போது அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று புரிய வேண்டுமானால் பாடு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடியாகிவிடும். அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். மற்றவர்கள் அதை ஏரியோடு விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். ஞாயம் வீடுவரை கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன். வாரத்தில் மூன்று நாள் அது அவர் பக்கம், மூன்று நாள் மனைவி தேசம்மாள் பக்கம். "வெள்ளிக்கெழம ஒனக்கு" என்று வாடகை பேசும்போதே என்னிடம் சொல்லிவிட்டார். நான் குடிவருவதற்கு முன்பு ஒருமுறை தேசம்மாள் அக்கா கடும் காய்ச்சலில் படுத்தபோது, மனிதர் தன்னுடைய மூன்று நாளையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார். ஊரே உருகியது. அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அந்த மூன்று நாளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போட்டாகிவிட்டது. ஞாயம் நடுவில் வந்து நின்றார்.

"போன கல்யாணத்துல மொதப் பந்தில துன்னவங்கல்லாம் எழுந்திருங்க. இன்னிக்கி ஒங்க மொற இல்ல."

எழுந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருவர்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. தேசம்மாள் அக்கா விஷயம் அப்படியில்லை. மீன் ஏலத்தில் அவர் வாயைத் திறந்தால் வியாபாரிகள் ஓரடி தள்ளி நிற்பார்களாம். அந்தக் காய்ச்சல் அவர் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் சிரித்துச் சமாளித்தார். பிறகு அதுவும் அலுத்து, ஏலத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "மண்டைக்குள்ள வண்டு கத்துது" என்று கழற்றி வைத்துவிட்டார். மிச்சமிருந்த துணை ஒரு பழைய குண்டு டிவி. ஒட்டி உட்கார்ந்தால் அது பேசுவது கேட்கும். அதையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. அக்கா பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஞாயமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"கெளம்பு தம்பி, பொன்னேரிக்கு. அவ காதுக்கு எட்ற மாதிரி டிவி ஒண்ணு வாங்கணும்."

கடைக்காரர் ஆளுயர டிவி ஒன்றில் கடலுக்கடியில் மீன் நீந்துவதைக் காட்டினார்.

"மீன நான் பாக்காததா? சத்தத்த காட்டு" என்றார் ஞாயம். "இத்தாம் பெரிச வாங்கிட்டு எங்க ஒக்காந்து பாக்கறது, தெருவுலயா?"

சின்னதாக ஒன்றைக் காட்டினார்கள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுக்கு வாய் எங்கப்பா?"

"ஸ்பீக்கர் பின்னாடி இருக்குதுங்க."

"அப்ப செவுத்தாண்ட பேசிக்கினு இருக்குமா? அதுக்கு எங்கூட்ல ஏற்கெனவே ஆள் இருக்குது."

 கடைக்காரர் உள்ளே போய், டிவிக்கு முன்னால் தனியாக வைக்கும் சவுண்ட்பாரை எடுத்துவந்தார். நீளமாக, முழுக்க வாயாக இருந்த அந்தப் பெட்டியை ஞாயத்துக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கம்பி இல்லாமல் புளூடூத்திலும் வேலை செய்யும் என்று சொன்னபோது மட்டும் முகம் மாறியது.

"காத்துல வர்றத நம்ப முடியாது. காத்து திரும்புனா பக்கத்து வூட்டுக்குப் பூடும். கம்பியே போடு."

"அப்ப இத பாத்துக்குங்க. டிவி பின்னாடி மூணு ஓட்ட இருக்குது. ஏஆர்சின்னு எழுதியிருக்கற ஓட்டைலதான் பார் பேசும். மத்ததுல பேசாது." நெட்டில் படம் காட்டும் குச்சி ஒன்றையும் இனாமாகக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஞாயம் டிவிக்கும் டிக்கெட் எடுத்து ஒரு சீட்டில் உட்கார வைத்தார். பாதி வழியில் அதை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவை உட்காரச் சொன்னார்.

நான்தான் மாட்டிக் கொடுத்தேன். ஏஆர்சி ஓட்டையில் சவுண்ட்பார், மற்ற இரண்டில் செட்டாப் பாக்ஸும் குச்சியும். பாரை அக்காவின் முகத்துக்கு நேரே வைத்தோம். டிவியில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். அக்கா தலையைத் தூக்கினார்.

"யோவ், இந்தப் பொண்ணுக்குச் சளி புடிச்சிருக்குதுய்யா!" என்றார்.

அன்று அக்கா பேசிய பேச்சு நான் குடிவந்த நாளிலிருந்து கேட்டதைவிட அதிகம். 

மறுநாள் பார் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த நாள் தானாகப் பேசியது. பிறகு மறுபடியும் இரண்டு நாள் மௌனம், ஒரு நாள் பேச்சு. கடையில் கோளாறான பெட்டியைத் தள்ளிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே, திருப்பிக் கொடுக்கலாம் என்று காலையில் உள்ளே போனேன். ஞாயம் குளித்துவிட்டு, டிவிக்குப் பின்னால் மண்டிபோட்டு ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"நேத்து அந்த நல்ல ஓட்டைல பார் இருந்துச்சி. இன்னிக்கி செட்டாப் பாக்ஸ் பாடு. நாளிக்கி குச்சி."

"அந்தக் குச்சிய யாருமே தொடறதில்லையே!"

"தொடலன்னா இன்னா? அதுவும் இந்த வூட்டுக்கு வந்ததுதான?"

"அண்ணே, அதுங்களுக்கு எந்த ஓட்டையா இருந்தாலும் ஒண்ணுதான். பாருக்குத்தான் அந்த எடம் வேணும்."

"ஒண்ணுதான்னு அதுங்க வந்து ஒங்கைல சொல்லிச்சா? நல்ல எடம் ஒண்ணே ஒண்ணு இருந்தா மொற வெக்கணும் தம்பி. அதுக்குத்தான் நம்ம முப்பாட்டன் பாடு வெச்சான்."

முப்பாட்டனையே இழுத்துவிட்டார். அக்காவைப் பார்த்தேன். தலைவாரிப் பூ வைத்து, ஊமை டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பார் பக்கம் கையைக் காட்டியதும் அவருக்குப் புரிந்தது.

"இன்னிக்கி என் நாளு இல்லப்பா" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தவர் அல்லவா.

அப்படிப்பட்ட ஒரு ஊமை நாளில்தான் அது நடந்தது. சாயங்காலம் காமெடி நிகழ்ச்சி பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். டிவி தன் பாட்டுக்குச் சுவரிடம் முணுமுணுத்தது. மற்றவர்களுக்கு அது போதும், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா டிவியைப் பார்க்கவில்லை. ஞாயத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது சிரிக்கிறாரோ அப்போது தானும் சிரிக்கலாம் என்று காத்திருந்தார். ஞாயம் சுலபத்தில் சிரிக்கிற ஆளில்லை. கடைசியில் அவர் வாயைத் திறந்தார். கொட்டாவிக்காக.

அக்கா சத்தம் போட்டுச் சிரித்தார்.

மற்ற எல்லாரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ஞாயம் கொட்டாவியைப் பாதியில் மூடினார். மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து டிவிக்குப் பின்னால் போனார். ஒயரை உருவும் சத்தம் கேட்டது. பார் பேச ஆரம்பித்தது.

"இன்னா ஞாயம், மொற தப்பிப் போச்சே?" என்று ஒரு பெண் கிண்டலாகக் கேட்டாள்.

"தப்பல" என்றார். "அந்த எடம் இனிமே அவளுக்குத்தான். பாக்ஸுக்கும் குச்சிக்கும் பதிலுக்கு என் ஃபேன் நாள குடுத்துட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். மறுநாளிலிருந்து அவருடைய மூன்று நாளும் ஃபேன் செட்டாப் பாக்ஸைப் பார்த்து நின்றது. அக்னி நட்சத்திரம் கொளுத்திய நாட்களில் அந்தப் பெட்டியும் குச்சியும் ஜிலுஜிலுவென்று இருந்தன. மனிதர் துண்டால் விசிறிக்கொண்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். அக்கா முதல் ஆளாகச் சிரித்தார். ஞாயம் அவர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பின்னால் சிரித்தார். டிவியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "என் வெள்ளிக்கெழமைய நீங்க எடுத்துக்கங்கண்ணே" என்றேன்.

"அது ஒன் நாளு. ஞாயமில்ல" என்று மறுத்துவிட்டார்.

இப்போது மீஞ்சூரில் இருக்கிறேன். தலைக்கு மேல் எனக்கே எனக்கு என்று ஒரு ஃபேன் நாள் முழுக்கச் சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஞாயத்துக்கும் இடம் விட்டு உட்காருகிறேன்.