நாற்பதுக்குப் பதினேழு

"இருபத்தேழு" என்றார் டீச்சரின் கணவர், நாணயத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபடி. "நாப்பது தடவை சுண்டியாச்சு. இருபத்தேழு தலை, பதிமூணு பூ."

டீச்சர் நாணயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது அல்லவா வர வேண்டும்? ஒரு வாரமாக ஏழாம் வகுப்புக்கு அவள் நடத்திக்கொண்டிருந்தது நிகழ்தகவு. நாற்பது முறை சுண்டினால் ஏறக்குறைய இருபது முறை தலை விழும் என்று எதிர்பார்க்கலாம். பிறகு நிஜமாகவே சுண்டிப் பார்த்து, எதிர்பார்த்ததையும் வந்ததையும் ஒப்பிட வேண்டும். இன்று ஒப்பிடும் நாள். அதைப் பார்க்கப் பள்ளி ஆய்வாளர் வருகிறார். இரண்டு வருடமாகத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அவள் வேலையை நிரந்தரமாக்குவதா, அவளை வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் எழுதப்போகும் ஒரு பக்க அறிக்கையில் இருந்தது.

கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் போன முறை இதே ஆய்வாளர் வந்தபோது அறிவியல் சார் செய்துகாட்டிய சோதனையில் பல்பு எரியவில்லை. அந்தச் சாரை அதற்குப் பிறகு யாரும் பள்ளியில் பார்க்கவில்லை.

"வேற காசு எடுங்க. இதுல ஏதோ கோளாறு."

வேறு நாணயத்தில் பன்னிரண்டு வந்தது.

"நீங்க சுண்டுற விதமே சரியில்லைங்க!"

"காசுக்கு நீ பாடம் எடுக்கலையேம்மா. இருபது விழணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கணவர் வேலைக்குக் கிளம்பினார். பேருந்து ஓட்டுகிறவர். சொன்ன நேரம் ஒன்று, வந்த நேரம் ஒன்று என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி.

வகுப்புக்குள் நுழைந்ததும் டீச்சர் கதவைச் சாத்தினாள். ஆசிரியப் பணிக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள்.

"இங்க பாருங்க. ரொம்பத் தள்ளி வந்துச்சுன்னா... இருபதுக்குக் கிட்டக்க ஏதாவது சொல்லிடுங்க. புரியுதா?"

"புரியுது மிஸ்!" என்றது வகுப்பு ஒரே குரலில். எந்தப் பாடத்தையும் அது இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். அதற்குள் ஆய்வாளர் வந்து அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எட்டு பெஞ்சு, பெஞ்சுக்கு ஒரு நாணயம். கால் மணி நேரம் ஒரே கணகணப்பு. பிறகு டீச்சர் கரும்பலகையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டாள்.

"இருபது தலை மிஸ்" என்றது முதல் பெஞ்சு. அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டாவதும் இருபது. பரவாயில்லை. மூன்றாவதும் இருபது. நான்காவது இருபதில் அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கிட்டக்க என்று சொன்னாள்; பிள்ளைகள் இதைவிடக் கிட்டக்க வேறு எண் இல்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஏழாவது பெஞ்சுவரை இருபதேதான்.

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏழு பெஞ்சுக்கும் இருபதா டீச்சர்?"

"ஆமா சார். பிள்ளைங்க கவனமா சுண்டுவாங்க."

கவனமாகச் சுண்டினால் இருபது வருமென்றால் இந்தப் பாடமே எதற்கு என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதைச் சரிக்கட்ட அவசரமாக, "மூணாவது பெஞ்சு, சார் முன்னாடி ஒரு பத்துத் தடவை சுண்டிக் காட்டுங்க" என்றாள்.

பத்தில் ஒன்பது பூ.

"கவனம் பத்தலை போல" என்றார் ஆய்வாளர்.

மிச்சம் இருந்தது கடைசி பெஞ்சு. அங்கிருந்து தூங்குமூஞ்சி என்று வகுப்பே அழைக்கும் ஒரு சிறுமி மெதுவாக எழுந்தாள்.

"பதினேழு மிஸ்."

டீச்சரின் சாக்பீஸ் கட்டத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. இத்தனை இருபதுகளுக்குக் கீழே இந்தப் பதினேழு போய் உட்கார்ந்தால், மற்றதெல்லாம் பொய் என்று போர்டு மாட்டியதுபோல் ஆகிவிடுமே!

"நல்லா எண்ணிப் பாரும்மா."

"பதினேழுதான் மிஸ்."

"இன்னொரு தடவை யோசிச்சு..."

"பதினேழு தலை, இருபத்து மூணு பூ. கூட்டினா நாப்பது சரியா வருதே மிஸ்?"

ஆய்வாளர் எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கி, பதினேழு என்று தானே எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஏழு பெஞ்சு இருபதுங்குது. டீச்சரே ரெண்டு தடவை மாத்தச் சொல்லிப் பார்க்குறாங்க. ஆனாலும் வந்ததை வந்தபடி சொல்லுது இந்தப் பொண்ணு. நான் எத்தனையோ வகுப்பு பார்த்துட்டேன் டீச்சர், இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. இப்படி ஒருத்தியை உருவாக்கின டீச்சரை நான் எப்படி வீட்டுக்கு அனுப்புவேன்? மத்த ஏழு பெஞ்சையும் நாளைக்கு நிஜமாவே சுண்ட வைங்க." அங்கேயே நின்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். தூங்குமூஞ்சி மட்டும் வழக்கம்போல நிதானமாகப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நன்றி பொங்கிக்கொண்டு வந்தது.

"உன்னாலதான்டா கண்ணு என் வேலை பொழைச்சுது. பெரியவ நான் பொய் சொல்லச் சொன்னேன். நீ ஒருத்திதான் கேட்கலை. ஆயுசுக்கும் இதை மறக்க மாட்டேன்."

சிறுமி ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"எங்க காசு முதல் தடவை சுண்டினப்பவே அலமாரிக்கு அடியில போயிடுச்சு மிஸ், எட்டு பெஞ்சுக்கும் இருபதுன்னா யாரு நம்புவாங்க, அதான் நம்புற மாதிரி ஒண்ணு சொல்லி வச்சேன்."