சல்லிக் கரையில் விட்டு வந்த கதிரை

திருகோணமலை,
சனிக்கிழமை.

அன்புள்ள தங்கை சீலாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் உன் மச்சாளும் நலம். அதே துணை கனடாவில் உனக்கும் குறைவில்லாமல் கிடைக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுதிரி கொளுத்தி வருகிறோம். நிற்க.

உன் சிநேகிதி நிப்லா இன்றோ நாளையோ உனக்குப் போன் எடுப்பாள். அதற்கு முன் என் பக்கத்து நியாயத்தையும் நீ கேட்கவேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஆகவே எழுதி, படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

விபத்துக்குப் பிறகு நீ ஒருமுறைகூட வீட்டுக்கு வரவில்லை. இந்த வருடம் மாதா திருவிழாவுக்கு வர ஆசை என்று நீ சொன்னபோது நான் அழுதுவிட்டேன். வீல்செயாரோடு வருகிற உனக்கு எங்கள் வீடும் ஊரும் சரிவருமா என்று பார்க்க, வீல்செயாரிலேயே ஊர் ஊராகப் போய் விடுமுறை இடங்களைச் சோதிப்பதைத் தொழிலாகச் செய்கிற நிப்லாவை நீ முதலில் அனுப்பியதும் நல்ல யோசனைதான். அவள் சரியென்றால் நீ வருவாய், இல்லையென்றால் இல்லை. ஆகவே சோதனை எழுதப்போகிறவனைப் போல நானும் ஆயத்தமானேன்.

முதல் வேலை, வாசற்படிக்குப் பதிலாக ஒரு சரிவு. சல்லி மீன்பிடிக் கிராமத்துப் பாக்கியரத்தினம் கடலுக்குப் போகாத மாதங்களில் சீமெந்து வேலை செய்பவர், கெட்டிக்காரர். ஆனால் வாழ்நாளில் அவர் கண்ட சரிவு வள்ளம் இறக்குகிற சரிவு ஒன்றுதான், அதையே எங்கள் வாசலிலும் கட்டிவிட்டார். வருகிறவருக்கு வடிவாக இருக்கட்டுமே என்று நான் அதன்மேல் வழுவழுப்பான டைல்ஸ் பதித்தேன். உன் மச்சாள் தன் பங்குக்கு அன்று காலை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். நிப்லா கேற்றடியில் தன் வீல்செயார்க் கதிரையை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, "இது மனிசர் ஏறவோ, வள்ளம் இறக்கவோ?" என்று கேட்டாள். நாங்கள் அயலவர்களையும் கூப்பிட்டு, அவளைக் கதிரையோடு தூக்கி விறாந்தையில் வைத்தோம். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று அவள் சொன்னதை வெட்கம் என்று நினைத்தோம்.

மறுநாள் கடலுக்குப் போகவேண்டும் என்றாள். கரைக்கு முன்னாலுள்ள சின்னத்தீவுக்குப் போக ஏலுமா என்றுதான் சீலா முதலில் கேட்டவள் என்று சொன்னாள். நான் என்ன செய்ய? பாக்கியரத்தினத்தின் வள்ளத்தையே பிடித்தேன். சல்லிக் கரையில் நின்றவர்கள் வீல்செயாரைக் கண்டதுதான் தாமதம், வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி தூக்குவது போல அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வள்ளத்தில் இருத்தினார்கள். என்ன அன்பான சனம் என்று எனக்குக் கண் கலங்கியது. நிப்லாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

தீவில் அவளை இறக்கி மணலில் இருத்திய பிறகுதான் அவள் சுற்றிப் பார்த்து, "என்ர கதிரை எங்க?" என்றாள்.

பாக்கியரத்தினம் பெருமையோடு சொன்னார்: "அது பத்திரமாக் கரையில நிக்குது தங்கச்சி. உப்புத்தண்ணி பட்டாக் கறள் பிடிச்சிடுமெண்டு தறப்பாள் படங்கால மூடி, ஒராளைக் காவலுக்கும் விட்டனான்."

"அப்ப என்ர கால் சல்லியில நிக்குது, நான் இஞ்ச இருக்கிறன்" என்றாள் நிப்லா.

சீலா, அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று எழும்பியது. அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று என்பது உனக்குத் தெரியும். கடல் வெள்ளை வெள்ளையாக உடையத் தொடங்கியது. நங்கூரக் கயிறு விறைத்தது. "உடன வெளிக்கிட வேணும், இனியும் நிண்டா எஞ்சின் இழுக்காது" என்று பாக்கியரத்தினம் கத்த, அவருடைய ஆட்கள் நாலு பக்கத்தாலும் நிப்லாவிடம் பாய்ந்தார்கள். ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலை இழுத்தார், அவள் பாதி எழும்பி மணலில் விழுந்தாள்.

"விடுங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் கையை எடுத்தார்கள். "என்னட்டக் கேக்காம ஒருத்தரும் தொடக் கூடாது. ரெண்டு பேர் போதும். ஒராள் பின்னால நிண்டு கக்கத்துக்குள்ளால பிடியுங்கோ, மற்றாள் முழங்காலுக்குக் கீழ. அலை போனாப் பிறகு நான் 'இப்ப' எண்டு சொல்லுவன். அதுவரைக்கும் பொறுங்கோ."

காற்று அடிக்கிறது, வள்ளம் துள்ளுகிறது, அத்தனை ஆம்பிளைகளும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓர் அலை போனது. அவள் வாய் திறக்கவில்லை. இன்னோர் அலை. "இப்ப!" பூப்போல ஏறிவிட்டாள்.

அடுத்தது நான். பயத்தில் முருகைக்கல்லில் வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான், மிச்சப்பேர் என் கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, அறக்குளா மீனைப் போடுவதுபோல வள்ளத்துக்குள் போட்டார்கள். இடுப்புச் சாரம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். "கேட்டுத் தூக்குங்கோடா!" என்று நான் கத்தினேன். நிப்லா குனிந்து பார்த்து, "இப்ப விளங்குதோ, கிறிஸ்தோபர் அண்ணா?" என்றாள். விளங்கியதோ இல்லையோ, கரை வரும்வரை வள்ளத்துக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தபடியே வந்தேன். அலை தலைக்குமேலால் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னேன். அந்த வள்ளத்தில் நிப்லா இருந்த இடத்தில் உன்னைத்தான் நான் கண்டேன், சீலா.

ஆகவே நான் தீர யோசித்து முடிவெடுத்துவிட்டேன். இந்த வருடம் நீ வரவேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உன்னைப் போனில் பார்த்தது எனக்கு இந்த ஆயுளுக்குப் போதும். சரிவு சரியில்லை, கடல் சரியில்லை, நாங்களும் சரியில்லை. அண்ணன் சொன்னால் காரணம் இருக்கும். கோபிக்காதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. மச்சாளின் முத்தங்கள். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்.

உன் அன்பு அண்ணன்,
கிறிஸ்தோபர்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு. வள்ளத்தில் விழுந்ததில் கணுக்கால் வீங்கி, கோயிலில் இரவல் வாங்கிய வீல்செயாரில் நான் இருக்கிறேன். என் சொந்தச் சரிவில் இறங்க ஏலாமல் விடிந்ததிலிருந்து விறாந்தையிலேயே காவல். கீழே பாக்கியரத்தினம் அதை உடைத்துக்கொண்டிருக்கிறார். புதுச் சரிவு எவ்வளவு நீளம் வேண்டும் என்று நிப்லா காட்டுகிறாள். பார்த்தால் அது கேற்றைத் தாண்டி றோட்டுக்கே போகும் போலிருக்கிறது. நல்ல கடிதம் என்று சொல்லுவாளென்று நினைத்து இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சீலா வரக் கூடாதெண்டு முடிவெடுத்திட்டீங்கள். சீலாவிட்டக் கேட்டனீங்களோ?" என்றாள்.

கேட்கவில்லை.

இப்ப கேக்கிறன். வாறியா, தங்கச்சி? ஓம் எண்டால், எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு நீயே சொல்லு. நீ "இப்ப" எண்டு சொல்லுமட்டும் நான் கை வைக்க மாட்டன்.