ஆமைத் தளபதியிடம் ஒரு கேள்வி

ஒரு காட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நரிகள் பொழுது சாய்கிற நேரம் பார்த்து வரும். கிடைத்ததைக் கவ்விக்கொண்டு போகும். இந்தப் பக்கத்து மிருகங்கள் மறுநாள் முழுக்க உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும். இப்படியாகச் சண்டை ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது.

நரிகளைத் தடுக்க, காட்டைச் சுற்றி இலந்தை முள்ளைப் போட்டு வேலி கட்டியிருந்தார்கள். நெருக்கமான வேலி. ஓணான் நுழைந்தாலும் தோல் உரியும். ஓடைப் பக்கம் சரிவு முடிகிற இடத்தில் மட்டும் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் தளபதி வாசல். காட்டின் பாதுகாப்புத் தளபதி ஆமை. சாதாரண ஆமை இல்லை, கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருப்பார். அவர் எல்லையைப் பார்வையிடப் போய்வர வேண்டும் என்று, அவர் உடம்பையே அளவெடுத்து, இம்மி கூடாமல் குறையாமல் விட்ட வாசல் அது. தளபதி ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. நரிகள்தான் போய்வந்தன.

ஆமையை எதற்குத் தளபதி ஆக்கினார்கள் என்றால், காட்டிலேயே நல்ல பாதுகாப்போடு இருந்தவர் அவர்தான். "தன்னை இவ்வளவு நல்லா காப்பாத்திக்கிறவர் நம்மளைக் காப்பாத்தாமலா போயிடுவார்?" என்று சபைத் தலைவர் யானைப் பெரியவர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் காட்டில் தலையாட்டுவதற்கு மட்டும் எப்போதும் ஆள் இருந்தது.

அந்த வாசலை ஒட்டிய புதரில் தும்பை என்று ஒரு முயல் குடியிருந்தாள். சின்ன வயசு. மூன்று குட்டிகள். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். தண்ணீர்த் துறையில் யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால் காதை மடக்கிக்கொண்டு சிரிப்பாள். அதுதான் பதில்.

போன தடவை நரி வந்தபோது தும்பையின் கடைக்குட்டி புதருக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. தும்பை ஒரே தாவாகத் தாவிக் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். குட்டி வந்துவிட்டது. அதன் வால் வரவில்லை. அது நரியின் வாயோடு போய்விட்டது. காடே அலறிக்கொண்டு ஓடிய அந்த நேரத்தில், காட்டுக் குரூப்பில் தளபதியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. எல்லாரும் ஓடுகிற ஓட்டத்திலேயே திறந்து பார்த்தார்கள். ஒரு ரோஜாப்பூ. கீழே 'இனிய மாலை வணக்கம்'.

அன்றிலிருந்து தும்பைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பால் கொடுக்கும்போதும் ஒரு காது வாசல் பக்கமே நின்றது. நாலு முள்ளை இழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்து அவளே இழுத்துப் போட்டாள். காலையில் மைனா வந்து நின்றது. மைனா தளபதியின் செயலாளர்.

"யார் இதை அடைச்சது?"

தும்பை காதை மடக்கினாள்.

"இது தளபதி வாசல். தளபதியைத் தவிர வேற யாரும் இதை அடைக்கக் கூடாது. தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல. எடு."

எடுத்தாள். எடுத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "தளபதி ஐயாவையே அடைக்கச் சொல்லிக் கேக்கலாமுங்களா?" என்றாள்.

"தாராளமா கேளு. பௌர்ணமிக்குச் சபை கூடுது. தளபதி ஒழுங்கா வேலை பார்க்கிறாரான்னு அவரை விசாரிக்கப் போறாங்க. வரிசையில நின்னு டோக்கன் வாங்கு."

தும்பை அன்று முழுக்கக் குட்டிகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பழகினாள். 'ஐயா, ஒரு கேள்வி. அந்த வாசலை அடைச்சுடலாமுங்களா?' குட்டிகள் தூங்கிவிட்டன. அவள் தூங்கவில்லை.

பௌர்ணமியன்று சரிவின் மேலே, பாறை மேட்டில் சபை கூடியது. தளபதி மேட்டின் விளிம்பில் தலையை வெளியே நீட்டிப் பப்பாளித் துண்டு தின்றுகொண்டிருந்தார். வரிசை வளைந்து வளைந்து போனது. தும்பைக்கு முன்னால் நின்ற காட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. "என் முட்டை அத்தனையும் போச்சு. இன்னிக்கு நறுக்குன்னு நாலு கேக்காம விடமாட்டேன் பாரு." அதன் முறை வந்தது. "ஐயா நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் இளைச்சுட்டீங்களே," என்றது. பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"என்னக்கா, கேக்கலையா?" என்றாள் தும்பை.

"நேர்ல பார்த்தா பாவமா இருக்குடி."

அப்போது மைனா மைக்கைப் பிடித்தது. "தளபதியோட வேலை எப்படின்னு கேக்கிறீங்க. வாய்ப்பேச்சு வேண்டாம். வந்து பாருங்க. இத்தனை சண்டை நடந்திருக்கே, தளபதி உடம்புல ஒரு கீறல் இருக்கா?"

யானைப் பெரியவர் துதிக்கையால் தடவிப் பார்த்தார். "இல்லை," என்றார்.

"தளபதிக்கே கீறல் இல்லைன்னா பாதுகாப்பு எந்த லட்சணத்துல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கை தட்டியது. கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள். தும்பையின் கடைக்குட்டிக்கு அதுவும் இல்லை.

தும்பையின் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஐயா, ஒரு கேள்வி," என்றாள்.

கண்ணைத் திறந்தபோது தளபதியின் தலையைக் காணோம். கால்களையும் காணோம். பப்பாளித் துண்டு மட்டும் கிடந்தது.

"தளபதி வீட்டுக்குள் போய்விட்டார்," என்று மைனா அறிவித்தது.

யானைப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "அப்ப விசாரணை முடிஞ்சுது. வீட்டுக்குள்ள இருக்கிறவரைக் கேள்வி கேக்கக் கூடாது, வெளியே வந்த பிறகுதான் கேக்கணும். நம்ம காட்டு வழக்கம்."

"அவரு எப்பவும் வீட்டுக்குள்ளதானுங்களே இருப்பாரு?" தும்பையின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னம்மா பண்றது. முன்னே ஓநாய் ஒண்ணு விசாரணைன்னு சொல்லி வீடு வீடா நுழைஞ்சு சாப்பிட்டுது. அதுக்காகப் போட்ட வழக்கம். யாருக்காகப் போட்டது? உங்க முயல் ஜனத்துக்காகப் போட்டது. நீயே மீறச் சொல்றியே." யானைக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு சபை கலைந்து சாப்பாட்டுக்குப் போனது. பலாப்பழ விருந்து. தின்றுவிட்டு நடு மத்தியானத்தில் காடே குறட்டை விட்டது. மைனா சபைப் படங்களைக் குரூப்பில் போடுவதற்கு டவர் தேடிப் பறந்துவிட்டது.

தும்பை மட்டும் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் புதர் முள்ளம்பன்றி முள்ளியக்கா வந்து, "வாடி போகலாம். நீ வாய் திறந்ததே பெரிய விஷயம். எனக்கே புல்லரிச்சுப் போச்சு, பாரு, முள்ளெல்லாம் இன்னும் அடங்கலை," என்றாள்.

தும்பை தளபதியைப் பார்த்தாள். தளபதி இன்னும் வீட்டுக்குள்தான் இருந்தார். அவர் இருந்த விளிம்பிலிருந்து சரிவு வழவழவென்று இறங்கி, நேரே வாசலில் போய் முடிந்தது.

"அக்கா, தளபதியைத் தவிர வேற யாரும் அந்த வாசலை அடைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப அவரே அடைக்கட்டுமே."

முள்ளியக்கா அவளையே பார்த்தாள். பிறகு சரிவைப் பார்த்தாள். "அடிப்பாவி, உன்னைப் போய் ஊமைன்னு நினைச்சோமே," என்றாள்.

தும்பை திரும்பி நின்று பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஓங்கி ஓர் உதை விட்டாள். முள்ளியக்கா முதுகைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். தளபதி சறுக்கினார். சோப்புத் தண்ணீரில் சட்டி சறுக்குகிற மாதிரி, சுற்றிக்கொண்டே போனார். உள்ளேயிருந்து, "வீட்டில் இருக்கிறேன், வீட்டில் இருக்கிறேன்," என்று குரல் வந்தது. வாசலில் போய்ப் பொருந்தினார். பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி. முகம் காட்டுப் பக்கம், பின்பக்கம் நரிப் பக்கம்.

பொழுது சாய்ந்தது. நரிகள் வந்தன. புதருக்குள் தும்பை குட்டிகளை வயிற்றுக்கு அடியில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னடா இது, கதவு போட்டுட்டானுங்க?" என்றது ஒரு நரி.

"தட்டிப் பாரு."

தட்டியது. "தளபதி வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குள் இருப்பவரை விசாரிக்கக் கூடாது," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"விசாரிக்க வரலைங்க. சாப்பிட வந்தோம்."

"எதுவானாலும் பௌர்ணமிக்கு வாங்க. டோக்கன் உண்டு."

நரிகள் பிறாண்டின, கடித்தன. ஒரு நரிக்குப் பல் ஆடிவிட்டது. வேலியைத் தாண்டப் பார்த்த ஒன்று முள்ளோடு ஓடையில் விழுந்தது. கடைசியில் திட்டிக்கொண்டே போய்விட்டன. தும்பை அன்றுதான் மூன்று குட்டிகளோடும் சேர்ந்து தூங்கினாள்.

காலையில் சேதி பரவிக் காடே வாசலுக்குத் திரண்டது. மைனா ஒரு நிமிஷம்தான் முழித்தது. பிறகு மைக்கைப் பிடித்தது. "நம் தளபதி யாருக்கும் சொல்லாமல், தன் உயிரைத் தூசாக மதித்து, தானே முன்னணியில் போய் நின்றார்."

"பின்பக்கத்தையில்ல காட்டிக்கிட்டு நிக்கிறாரு," என்றாள் முள்ளியக்கா.

"அதுதான் உத்தி. புறமுதுகு காட்டியே பகைவரை விரட்டிய ஒரே தளபதி."

கூட்டம் ஆரவாரம் செய்தது. யானைப் பெரியவர் சாமந்தி மாலையோடு வந்தார். தளபதிக்கு ஆயுள் முழுக்கப் பதவி என்று அங்கேயே முடிவு செய்தார்கள். "வெளியே வாங்க தளபதி, மாலை போடணும்," என்றார் யானை.

மாலை என்றதும் தலை வந்தது. கால்கள் வந்தன. தளபதி சிரித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் வாசலில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நரிகள் எழுந்து நின்றன. அதைப் பார்க்கிற உயரத்தில் இருந்தவள் தும்பை ஒருத்திதான். வாலில்லாத குட்டி அவள் காலடியில் இருந்தது.

தளபதி இரண்டாவது அடிக்குக் காலைத் தூக்கினார்.

அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், கண்ணை மூடாமல், காதை மடக்காமல், தும்பை சொன்னாள். "ஐயா, ஒரு கேள்வி."

தளபதி சட்டென்று உள்ளே போனார். போன வேகத்தில் ஓடு சரிவில் பின்னால் நகர்ந்து வாசலில் இறுகப் பொருந்திக்கொண்டது. வெளிச்சம் நின்றது. நரிகள் மறுபடி உட்கார்ந்தன.

"நல்ல நேரத்துல யாரும்மா அது, தொணதொணன்னு?" என்று யானைப் பெரியவர் கோபித்துக்கொண்டு, மாலையை ஓட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தும்பை தினமும் குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போவாள். பப்பாளித் துண்டு வைப்பாள். தளபதி தலையை நீட்டித் தின்பார். தின்று முடித்து, மெதுவாகக் காலை வெளியே எடுக்கும்போது கேட்பாள். அவளுக்கு உடம்பு முடியாத நாட்களில் கடைக்குட்டி போய்க் கேட்கும். அது முதலில் பேசிய பேச்சே "ஐயா, ஒரு கேள்வி" தான். காட்டில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு பெரிய வீரரைப் போய் இப்படித் தொந்தரவு செய்கிறாளே என்று காட்டுக்கோழி தன் புதுக் குஞ்சுகளிடம் சொல்லி வருத்தப்பட்டது.

அந்தக் கேள்வி என்ன என்று தளபதிக்கு இன்றுவரை தெரியாது. தும்பைக்கே மறந்துவிட்டது.

நீதி: பொறுப்பில் இருப்பவரைத் தினமும் தவறாமல் கேள்வி கேளுங்கள், பதில் வராது, ஆனால் ஆள் நகராமல் இருப்பார், அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடும்.