முறுக்குக் குழலுக்கு ஏற்ற ரவை

வீட்டை இனி நானே காப்பது என்று முடிவு செய்தேன். நன்றாக யோசித்து எடுத்த முடிவு. காலை உணவின்போது அறிவித்தேன்.

"ஓலிட்டா, இன்னிலேர்ந்து இந்த வீட்டுக்கு நான் காவல்."

"இத்தனை வருஷமா யாரு காவல்?" என்று கேட்டாள் என் மனைவி.

தட்டில் இருந்த சோள ரவைக் கஞ்சியைக் கிளறினேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சர்ச்சிலும் பின் பெஞ்சுதான். பள்ளிக்கூடம் என்னை வெகு சீக்கிரம் விட்டுவிட்டது. ஆனால் எண்ணிக்கை பிசகமாட்டேன். சொன்ன சொல்லும் பிசகமாட்டேன். ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தை அப்படியே நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

காவலுக்குக் காரணம் இருந்தது. இந்த வருடம் ஜார்ஜியா மலையில் மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. பனியோடு வேறு ஒன்றும் இறங்கியது.

சூரியன் மலை முதுகுக்குப் பின்னால் போனதும், வராந்தாவில் கிடக்கும் ஆடும் நாற்காலி தானாக ஆடும். அதில் யாரும் இருக்கமாட்டார்கள். அது என் மாமியாரின் நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியேதான் அவர் உயிர் போயிற்று. ஆடும்போது அது கிறீச்சிடுவது, அவர் என்னைத் திட்டுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது போலவே இருக்கும்.

பிறகு சமையலறைப் பின்சுவரில் தட்டும் சத்தம். மெதுவாக, மூன்று தட்டு. ஓடைப் பக்கமிருந்து ஒரு பாட்டு. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எங்கள் ஆட்கள் பாடுவார்களே, அந்த மெட்டு. சொற்கள் இல்லை, மெட்டு மட்டும். கடைசியில் அது என் மனைவியைக் கூப்பிடும்.

"ஓ... லீ..."

பனிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. எங்கள் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். என் அத்தை ஒருத்தி துணி உலர்த்தும்போது "என்ன?" என்று கேட்டுவிட்டாள். துணி காய்வதற்குள் போய்விட்டாள்.

முதல் நாள் அந்தக் குரல் கேட்டபோது ஓலிட்டா ஜன்னலருகே நின்றாள். அவள் வாய் திறப்பதைப் பார்த்தேன். பாய்ந்து போய் வாயைப் பொத்தினேன். கடித்துவிட்டாள்.

"எதுக்குங்க மூச்சை அடைக்கிறீங்க?"

"அது உன்னைக் கூப்பிடுது."

"யாராவது கூப்பிட்டா ஏன்னு கேக்க வேணாமா?"

ஓலிட்டா என்று பெயரே ஒழிய, அவள் ஓலமிட்டு நான் பார்த்ததில்லை. ஓலமிடுவது என் வேலை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் போய்விட்டால் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

நாயும் உதவவில்லை. என் வேட்டை நாய் டீக்கன் பனியைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைப் பார்த்து ஆட்டுகிறது. என் கழுத்து மயிர் சிலிர்த்துவிட்டது.

இந்த டீக்கனால்தான் என் மைத்துனன் எஸ்டிலோடு பேச்சு நின்றது. ரக்கூன் என்னும் மரமேறி விலங்கின் வேட்டையில் நாய் ஒரு மரத்தடியில் நின்று குரைத்தால், மேலே ரக்கூன் இருக்கிறது என்று அர்த்தம். மரம் காலியாக இருந்தால் அது பொய் சொல்லும் நாய். எஸ்டில், சர்ச் வாசலில் எல்லோர் முன்னிலையிலும், "வெர்ஜில் அத்தானோட நாய் பொய் சொல்லும்" என்றான். என்னைச் சொல்லியிருக்கலாம். நாயைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். உள் கதவுக்கு மேல் ஆணியில் தொங்கிய என் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சுட்டிக்காட்டிச் சபதம் செய்தேன். "இந்தத் துப்பாக்கி இந்த ஆணியில தொங்குற வரைக்கும் எஸ்டில் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

ஓலிட்டா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

இந்த இலையுதிர் காலத்தில் ஓடை பெருகி எஸ்டிலின் வீட்டை அடித்துக்கொண்டு போயிற்று. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் லாரிக்குள் படுக்கிறான் என்று கேள்வி. ஒரே ஒரு முறை ஓலிட்டா பேச்செடுத்தாள்.

"குளிர்காலம் வருதுங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

"துப்பாக்கி எங்க இருக்கு?"

"ஆணியில."

"அப்ப பேச்சே இல்ல."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அடுத்த வாரம்தான் நாற்காலி ஆடத் தொடங்கியது.

சரி, காவலுக்கு வருகிறேன். துப்பாக்கி இருந்தது. தோட்டா வேண்டும். எந்தத் தோட்டா என்பதுதான் கேள்வி.

"ஒத்தைக் குண்டு போடப் போறேன்" என்றேன். "கட்டை விரல் பருமன். கரடியே விழும்."

"சுவத்தைத் துளைக்குமா?"

"துளைக்கும்!"

"அப்புறம்?"

"கொல்லையைத் தாண்டும்."

"அப்புறம்?"

"பக்கத்து டோய்ல் வீடு."

"பாவம், அவர் என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப அவரை ஏங்க சுடணும்?"

ஒற்றைக் குண்டைக் கைவிட்டேன்.

"சரி, மான் சுடுற உருண்டை. ஒரு தோட்டாவுல ஒன்பது."

"ஒன்பதுல பேய் மேல எத்தனை படும்?"

"கை நடுங்கலைன்னா நாலஞ்சு."

"உங்க கை நடுங்கும். மிச்சம் எங்க போகும்?"

மிச்சத்தை விரல்விட்டு எண்ணினேன்.

"நான் எங்கே படுக்கிறேன்?" என்றாள்.

"பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பலகை எவ்வளவு கனம்?"

எனக்குத் தெரியும். நான் அடித்த பலகை. காசை மிச்சம் பிடித்து அடித்தது.

"எதையும் துளைக்காம, பொடிப்பொடியா ஒண்ணும் இல்லையாங்க?"

"குருவி சுடுற ரவை இருக்கு."

"அதான் வீட்டுக்கு நல்லது" என்றாள்.

துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்தேன். ஓலிட்டா அருகில் நின்று பார்த்தாள். ஸ்டூலைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அக்கறை.

லான்சோவின் சாமான் கடைக்குக் கொண்டு போனேன். அவன் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாம்புச் சட்டை போல வரிவரியாக ஓடியிருந்தது.

"அண்ணே, இது முறுக்குக் குழல். இரும்பையும் எஃகையும் கயிறு மாதிரி முறுக்கி அடிச்சது. இன்னிக்கு விக்கிற தோட்டா இதுக்கு ஆகாது. வெடிமருந்து வேகத்துல முறுக்கு பிரிஞ்சுடும்."

"பிரிஞ்சா?"

"குண்டு எதிரி பக்கம் போகாது. குழல் உங்க பக்கம் வரும்."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"அதுலயும் இடது குழல் வாய் குறுகினது. ஒத்தைக் குண்டை அதுல திணிக்கவே கூடாது. எஃகு ரவையும் வேணாம், வாயைக் கெடுத்துடும். கருமருந்து, கொஞ்சமா, கையால கட்டின தோட்டா. மெத்துனு ரவை. அவ்வளவுதான் இது தாங்கும். வயசாயிட்டா முறுக்கைக் குறைச்சுக்கணும்ணே."

கடைசி வாக்கியத்தைத் துப்பாக்கியைப் பார்த்துச் சொல்லவில்லை.

"யாரு கட்டுவா?"

"உங்க மாமனார் கட்டுவாரே! உங்க வீட்டு அண்ணிக்கும் அந்தக் கை உண்டு. போன வாரமே வந்து கருமருந்து வாங்கிட்டுப் போனாங்க."

முன்யோசனைக்காரி என்று பெருமைப்பட்டேன். வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

"ஓலிட்டா, ரவை போட்டு ரெண்டு தோட்டா கட்டிக் குடு."

"ரவைதானே?"

"ரவைதான்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ரவைன்னா ரவை. நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"தெரியும்" என்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு சமையல் மேசையில் கட்டினாள்.

அன்று மாலை வராந்தாவில் உட்கார்ந்தேன். ஓடையிலிருந்து பனி எழுந்து வந்தது. வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிக் கம்பமும் போனது. பிறகு விறகு வெட்டும் கட்டை பாதி போனது. கோழிகள் சத்தம் போடாமல் ஒண்டிக்கொண்டன.

என் பக்கத்தில் நாற்காலி ஆடத் தொடங்கியது.

நான் திரும்பவில்லை. மாமியார் இருந்த காலத்திலும் திரும்பிப் பார்த்தவன் இல்லை. டீக்கன் எழுந்து வாலை ஆட்டியது. பின்சுவரில் தட்டும் சத்தம். அதே நொடியில் ஓடைப் பக்கமிருந்து அந்தப் பாட்டு. இங்கே தட்டு, அங்கே பாட்டு. இரண்டுக்கும் நடுவில் நான்.

பிறகு வீட்டு மூலையைச் சுற்றி ஏதோ நகர்ந்து வந்தது. வெட்டுக் கட்டை அருகே நின்றது. உயரமாக, தொப்பியோடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி இருந்தது.

"ஓ... லீ..."

"யாரு?" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

துப்பாக்கியைத் தூக்கினேன். ஆனால் தொப்பி வைத்த ஒன்றை எப்படிக் குறி பார்ப்பது? வெட்கமாக இருந்தது. தொப்பிக்கு வெகு உயரே, பனியைப் பார்த்து வலது குழலைச் சுட்டேன்.

வெள்ளைப் புகை கிளம்பிப் பனியோடு கலந்தது. பாட்டு நின்றது. நாற்காலி நின்றது. எங்கும் ஒரு சத்தம் இல்லை. பிறகு சருகுகள் மேல் சலசலவென்று ஏதோ உதிர்ந்தது, ஆலங்கட்டி மாதிரி. அந்த உருவம் ஒரு கையை நீட்டி அதைப் பிடித்தது. கையை மெதுவாக வாய் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டு போனது. மென்றது.

"அக்கா!" என்றது. "உப்பு பத்தல."

கதவு திறந்தது. ஓலிட்டா விளக்கோடு வந்தாள்.

"அவர் எங்கே உப்பைப் பத்திச் சொன்னாரு? ரவைன்னு மட்டுந்தான் சொன்னாரு."

தரையைக் குனிந்து பார்த்தேன். சோள ரவை. காலையில் நான் சாப்பிட்டது.

"என்ன ரவைன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"உங்க சபதத்தை ஒரு தடவை சொல்லுங்க. வார்த்தை பிசகாம."

சொன்னேன். பிசகினால் நான் நானில்லை. "இந்தத் துப்பாக்கி இந்த ஆணியில தொங்குற வரைக்கும் எஸ்டில் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"இப்ப எங்க தொங்குது?"

"என் கையில இருக்கு."

"கை ஆணியா?"

"இல்ல."

"ஆணியிலேர்ந்து எடுத்தது யாரு?"

"நான்."

"எஸ்டில், காலைத் துடைச்சுட்டு உள்ள வா."

எஸ்டில் படி ஏறினான். இளைத்திருந்தான். கையில் தூண்டில் நூல். அதன் மறுமுனை நாற்காலிக் காலில் கட்டியிருந்தது.

"உங்க வார்த்தையை மீறல அத்தான். ஒரு நாள்கூடப் படியில கால் வைக்கல. எல்லாம் கீழே நின்னுதான் பண்ணேன். அப்புறம், அந்த நாயைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். தினமும் என்னைப் பார்த்து வாலை ஆட்டுச்சு. அது உண்மையைத்தான் சொல்லுச்சு. உங்களுக்குத்தான் புரியல."

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன எதிர்பார்ப்பது? தொப்பியைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினான். எனக்குத் துப்பாக்கியை மாட்ட இடமில்லாமல் போயிற்று. மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"எல்லாம் சரிடா எஸ்டில்" என்றேன். "அந்தப் பாட்டு மட்டும் வேணாம். எலும்பு வரைக்கும் குளிருது."

அவன் கையில் எடுத்த ரொட்டி அப்படியே நின்றது.

"என்ன பாட்டு அத்தான்? நீங்கதானே பாடினீங்க? என்னைப் பயமுறுத்தப் பாடுறீங்கன்னு நினைச்சேன்."

இருவரும் ஓலிட்டாவைப் பார்த்தோம்.

"நான் அடுப்பு வேலையா இருந்தேன்" என்றாள்.

ஓடைப் பக்கமிருந்து, மெதுவாக, அது மறுபடியும் தொடங்கியது. டீக்கன் வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தது.

"கதவைச் சாத்துங்க" என்றாள் ஓலிட்டா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

இப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் என் படுக்கையில் எஸ்டில் தூங்குகிறான். நான் வாசற்கதவை ஒட்டிப் படுக்கிறேன். காவல் நான்தானே, நானே சொன்னது. பனி இறங்கும் மாலைகளில் பாட்டு வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குக் கிட்டே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகத் தோட்டா கட்டித் தரச் சொன்னேன். இந்த முறை ஏமாறவில்லை. ஈய ரவை என்று தெளிவாக, இரண்டு முறை சொன்னேன். சரி என்று இரண்டு முறை தலையாட்டினாள். நேற்று சந்தேகம் வந்து ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு சரியாக இருந்தது.