இயற்பியலுக்குப் பன்னிரண்டு பேர்

இயற்பியல் தாளில் இருந்த பெயர்களை டென்ஸில் கிட்டோ மூன்றாவது முறையாக எண்ணினார். மூன்று முறையும் ஒன்றுதான் வந்தது. இருபத்தாறு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் எண்ணிக்கையில் தப்பு இருக்க வாய்ப்பில்லை.

டாரபீ என்ற அந்தக் கடலோர ஊரின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தக் கூத்து நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருஷத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலகச் சுவரில் பாடத்துக்கொரு தாள் ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு பென்சிலும் ஒரு அழிரப்பரும் கயிற்றில் தொங்கும். வேண்டிய தாளில் பெயரை எழுதலாம், மனசு மாறினால் அழிக்கலாம். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியை மார்கோ வாஸ் வந்து பார்ப்பார். எந்தத் தாளில் பன்னிரண்டு பெயர் இல்லையோ, அந்தப் பாடத்துக்கு அடுத்த வருஷம் விடுமுறை.

"சார், நான் மட்டும்தானா?"

பின்னால் ஃப்ரேயா நின்றிருந்தாள். அந்த ஒற்றைப் பெயருக்குச் சொந்தக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் ஊர்ப் படகுத்துறை பாதி உடைந்து கடலோடு போனதிலிருந்து, அடிலெய்டுக்குப் போய் இஞ்சினியரிங் படித்து அதைத் தானே திரும்பக் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

"இன்னைக்குத் திங்கள்தானேம்மா. இன்னும் நாலு நாள் இருக்கு."

"பன்னெண்டு பேர் சேரலேன்னா எனக்கு மட்டும் அடிலெய்டுலேர்ந்து திரையில பாடம் நடத்துவாங்களாம். தெக்குக் காத்து அடிச்சா இங்க நெட் போயிடும் சார். இந்த ஊர்ல என்னைக்குக் காத்து அடிக்காம இருந்திருக்கு?"

அவள் கண் கலங்கியது. கிட்டோவுக்கு நெஞ்சே கரைந்துவிட்டது.

அவருக்கும் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. சமையல் பாடம் எடுக்கும் ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறாள். இயற்பியல் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமையல் நடத்த வேண்டியது கிட்டோதான் என்று மார்கோ முன்கூட்டியே சொல்லியிருந்தார். போன வருஷம் ஆசிரியர் அறையில் இவர் ரொட்டி வாட்டப்போய், தீயணைப்பு வண்டி வந்து, மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் நின்றது.

அப்படி என்னதான் ஆயிற்று இந்தத் தலைமுறைக்கு? மூன்று வருஷத்துக்கு முன்பெல்லாம் திங்கள் மதியமே தாள் நிரம்பிவிடும். அதற்கடுத்த வருஷம் ஒரு பார்பிக்யூ விருந்து வைக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. போன வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு கறி பஃப்ஸ் என்று சத்தியம் செய்த பிறகுதான் பன்னிரண்டு சேர்ந்தது. உலகத்தில் இயற்பியல் மேலுள்ள ஆசை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது என்று மனைவி ஜானிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

"சார், ரீஃப்கிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்றாள் ஃப்ரேயா மூக்கை உறிஞ்சியபடி. "அவன் சரின்னா கூட ரெண்டு பேர் வருவாங்க. அவனுக்குக் கடல்னா உயிர்."

பாவம், இந்த நிலைமையிலும் எனக்கு வழி சொல்கிறாளே என்று கிட்டோ உருகிப்போனார்.

செவ்வாய் காலை ரீஃபைப் பிடித்தார். தலைமுடியில் உப்புக் காயாத பையன். விடிகாலையில் அலைச்சறுக்கு ஆடிவிட்டு நேராக வகுப்புக்கு வந்து தூங்குகிறவன்.

"ரீஃப், அலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். நேத்து ஒண்ணு என்னைத் தூக்கிப் போட்டுச்சு."

"அது ஏன் தூக்கிப் போட்டுச்சுன்னு பிசிக்ஸ் சொல்லும்டா!"

"நான் ஒழுங்கா நிக்கல, அதான் சார்."

கிட்டோ யோசித்தார். "ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கடற்கரையில பாடம். பலகை எடுத்துட்டு வரலாம்."

மதியத்துக்குள் தாளில் நான்கு பெயர் இருந்தது.

புதன்கிழமை, ஃப்ரேயா சொன்னபடி கால்பந்துக் குழுத் தலைவன் லாக்கியிடம் போனார். "பந்து காத்துல ஏன் வளையுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"வளையுதுல்ல சார், அது போதாதா?"

"சரி, என்னதான்டா வேணும்?"

"செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் எங்களுக்குப் பயிற்சி இருக்கு சார். வீட்டுப்பாடம் இருந்தா கால் ஓடவே மாட்டேங்குது."

செவ்வாய், வியாழன் வீட்டுப்பாடம் ரத்தானது. லாக்கியும் மூன்று தடியன்களும் பெயர் எழுதினார்கள். மொத்தம் எட்டு. கிட்டோ சீட்டியடித்துக்கொண்டே ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

அங்கே பிரூ இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். பிள்ளைகளைக் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிக்கொண்டு போகும் வெளிப்புறக் கல்விப் பாடம் அவளுடையது. இயற்பியல் நடக்கும் அதே நேரத்தில்தான் அதுவும் நடக்கும். ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்க முடியாது.

"டென்ஸில், பிள்ளைங்களுக்கு லஞ்சம் குடுக்கறீங்களாமே?"

"லஞ்சமில்ல, பாடத்திட்டம்."

"அப்படியா? சரி, என் பாடத்திட்டத்தையும் பாருங்க."

மூன்று நாள் தோணிப் பயணம், கரையில் கூடாரம், நெருப்பில் வாட்டிய மார்ஷ்மெல்லோ என்று அவள் அறிவித்த அரை மணி நேரத்தில் அழிரப்பர் வேலை செய்தது. அலைச்சறுக்குக்காரர்கள் மூன்று பேரும் லாக்கியின் ஆட்களில் இரண்டு பேரும் காணாமல் போனார்கள். எட்டு மூன்றானது.

"பிரூ மிஸ் பாடம் வேற நேரத்துல இருந்தா அவங்க ரெண்டும் எடுப்பாங்க சார்" என்றாள் ஃப்ரேயா, ரொம்பக் கவலையாக.

அட, ஆமாம்! கிட்டோ வியாழன் காலை மார்கோவின் அறைக்கு ஓடினார். மேசை முழுக்க நேர அட்டவணையை விரித்துவைத்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார் மார்கோ.

"மார்கோ, பிசிக்ஸைக் கொஞ்சம் நகர்த்தணும்."

"இதுல ஒரு பாடத்தை அசைச்சா மொத்தமும் சரிஞ்சு விழும், டென்ஸில்."

"ஒரே ஒரு கட்டம்தான்."

மார்கோ பெருமூச்சோடு நகர்த்தினார். புது நேரத்தை ஒட்டிவிட்டு வந்து, பிள்ளைகள் திரும்பி வருவதைப் பார்க்கலாம் என்று கிட்டோ டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பத்தே நிமிஷத்தில் மிச்சமிருந்த மூன்று பெயரும் அழிந்தன. ஃப்ரேயாவின் பெயர் உட்பட!

"என்னம்மா இது? நீயுமா?"

"சார், புது நேரத்துலதான் உயர்கணிதம் இருக்கு. கணக்கு இல்லாம இஞ்சினியரிங்குக்கு எப்படி சார் போறது?" அவள் உதடு நடுங்கியது. "படகுத்துறை விழுந்துடாதா?"

நகர்த்திய பாடத்தில் இப்போது ஆளே இல்லை. கிட்டோ திரும்பவும் மார்கோவிடம் போய் நின்றார். மார்கோ இந்த முறை தலையை நிமிர்த்தவே இல்லை.

"பழைய கட்டத்துல பிரெஞ்சை வச்சாச்சு. இனிமே ஒரே இடம்தான் காலி. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழரை மணி."

"பள்ளிக்கூடமே எட்டே முக்காலுக்குத்தானே திறக்குது!"

"அதனாலதான் காலியா இருக்கு."

ஏழரை மணி வகுப்பு என்ற செய்தி பரவியதும் மாணவர்கள் கிட்டோவைப் பார்த்தாலே வேறு பக்கம் நடந்தார்கள். லாக்கி மட்டும் நின்று பேசினான்.

"ஏழரைக்கு எங்களுக்குப் பசிக்கும் சார்."

"வீட்டுல சாப்டுட்டு வாங்கடா."

"வீட்டுலயும் பசிக்கும் சார். இங்கேயும் பசிக்கும். வளர்ற உடம்பு."

வேறு வழி? வாரம் மூன்று நாள், காலை உணவு: பேக்கன் பன்றிக்கறி, முட்டை, வாட்டிய ரொட்டி. போன வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வெள்ளிக்கிழமை பஃப்ஸும் தனியாக உண்டு. சமைக்கப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை. சமையல் வகுப்பிலிருந்து தப்பிக்க ஓடிய மனுஷன், வாரத்துக்கு மூன்று நாள் பன்னிரண்டு பேருக்குச் சமைக்க ஒப்புக்கொண்டதை அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஜான்தான் எடுத்துச் சொன்னாள்.

"இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடுத்திருக்கீங்களா நீங்க?"

"நீ பிசிக்ஸ் எடுக்கலையே."

அந்தப் பதிலுக்காக அவர் பாத்திரம் கழுவினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாளில் பதினொரு பெயர் இருந்தது. ரீஃப் கூட்டம் திரும்பியிருந்தது. லாக்கியின் ஆட்கள் இருந்தார்கள். பேக்கன் வாசனை பிடித்து இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஃப்ரேயாவின் பெயர் மறுபடியும் முதல் வரியில் இருந்தது. ஒன்றே ஒன்று குறைந்தது.

"ஷெல்பி மட்டும்தான் சார் யோசிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள் ஃப்ரேயா.

ஷெல்பி அலுவலக வாசலில் பென்சிலைக் கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் நாலாயிரம் ஆடு இருக்கிறது. ஆட்டைப் பார்க்கிற அதே நிதானத்தோடு கிட்டோவையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடற்கரை எனக்குப் பிடிக்காது சார். மணல்."

"காலைச் சாப்பாடு?"

"அஞ்சு மணிக்கே சாப்டுடுவேன்."

"அப்போ உனக்கு என்னம்மா வேணும்?"

ஷெல்பி ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தாள். அங்கே கிட்டோவின் கடல்பச்சை யூட் நின்றிருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி ஆறு வருஷம் தன் கையாலேயே சரிசெய்து, பெயின்ட் அடித்து, மழைநாளில் வெளியே எடுக்காமல் காத்துவந்த வண்டி. ஜான்கூட அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"உராய்வுன்னு ஒரு பாடம் இருக்காமே சார். எங்க வயல்ல மழை பெஞ்சா நல்லா வழுக்கும். அதுல உங்க யூட்டை ஓட்டி, பிரேக் போட்டு, எவ்வளவு தூரம் சறுக்குதுன்னு அளந்தா..."

"அது மட்டும் முடியாது."

ஷெல்பி பென்சிலைக் கீழே வைத்தாள். கடிகாரம் மூன்று இருபத்தைந்து. நடைபாதையின் கோடியில் மார்கோவின் செருப்புச் சத்தம் கேட்டது. கிட்டோ திரும்பிப் பார்த்தார். ஃப்ரேயா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அந்தப் பெண் திரை முன்னால் உட்கார்ந்து, காற்றில் நெட் போய், ஆசிரியரின் உறைந்துபோன முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மெதுவா ஓட்டணும்" என்றார்.

"உராய்வு சார். மெதுவா ஓட்டினா தெரியாது."

"சரி. எழுது."

ஷெல்பி எழுதினாள். மார்கோ வந்து எண்ணினார், பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாராட்டுகள் டென்ஸில், எப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் சாதிக்கிறீங்களோ!" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஃப்ரேயா பேச வாய் திறந்தாள், முடியாமல் மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள். கிட்டோ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்தபோது அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. யூட் போனால் போகட்டும். பன்னிரண்டு பிள்ளைகள் இயற்பியல் படிக்கப்போகிறார்கள், அதில் ஒருத்தி படகுத்துறை கட்டப்போகிறாள். ஒரு ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமை மீன்பிடிக்கப் போவதற்காக யூட்டின் பின்னால் தகரப் படகை அன்று காலையே பூட்டிக் கொண்டுவந்திருந்தார். வண்டியின் முன்பக்கத்தைச் செல்லமாக ஒருமுறை தடவிக்கொடுத்தார், கடைசியாகப் பார்ப்பதுபோல.

படகுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் காகிதப் பொட்டலத்திலிருந்து சூடான உருளை வறுவல் தின்றுகொண்டு நின்றாள்.

"நீ ஃப்ரேயா தங்கச்சி ஹேட்டிதானே? ஒன்பதாம் வகுப்பு?"

"ஆமா சார். அக்காவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"உங்க அக்கா மாதிரி ஒரு பொண்ணைப் பார்க்கறது அபூர்வம்மா. அடுத்த வருஷம் நீயும் பிசிக்ஸ் எடுப்பேல்ல?"

ஹேட்டி விரலிலிருந்த உப்பை நக்கிக்கொண்டே தகரப் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கண்டிப்பா சார், எங்க வகுப்புல பதினாலு பேர் இப்பவே ரெடி. ஆனா அக்கா கூட்டம் பன்னெண்டு பேரும் போன மாசமே முடிவு பண்ணிட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இருந்த மாதிரி நாங்களும் இருக்கணுமாம், அப்பதான் இந்தப் படகு கிடைக்கும்னு அக்கா சொன்னா."