பேத்தியை உடனே வந்து கூட்டிப்போகச் சொல்லி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், போன மாதம் மட்டும் ஒன்பது தடவை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுமையாகப் படி.

விஷயம் இதுதான். உன் மகளை அடுத்த மாதம் பத்தாம் தேதி ஹாஸ்டலில் சேர்க்கப்போவதாகச் சொன்னாய், அங்கே திக்குவாய்க்குப் பயிற்சி தருவார்கள் என்றாய். பத்தாம் தேதிவரை என்னால் தாங்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கூட்டிக்கொண்டு போ.

எல்லாம் கண் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. கண்ணைக் காட்டப் போனேன், துணைக்கு இவளைக் கூட்டிப்போனேன். அங்கே டோக்கன் நம்பர் கூப்பிடும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அவளுக்கும் திக்குகிறது. மருந்து பிடித்த கண்ணை முதலில் பார்ப்பதால் நம்பரும் வரிசையாக வராது. "நா... நா... நாப்பத்தி..." என்று அவள் நின்றால், நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தொன்பதுவரை ஒன்பது பேரும் எழுந்தும் எழாமலும் முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறோம், அதில் நாலு பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு எதுவும் தெரியவில்லை. ஒரு பெரியவர் பொறுக்கமாட்டாமல் "நாப்பத்தி ரெண்டுதானே?" என்றார். அவள் உள்ளங்கையை உயர்த்தி, "உட்காருங்க ஐயா, நான் இன்னும் முடிக்கல" என்றாள். கோபமே இல்லை. நிதானமாக முடித்தாள், நாற்பத்தாறு. நம் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள் விடுவிடுவென்று அவள் மேஜைக்குப் போய் "உ... உங்..." என்றாள். நான் வழக்கம்போல "பாத்ரூம் எங்கேன்னு கேக்கறா" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க டோக்கன் என்னம்மா?" "நாப்பத்தேழு." "அது வரும்போது நீங்க பேசுங்க. இப்ப இவ பேசட்டும்." உன் கல்யாணத்தன்று உன் மாமியார் என்னை "ஓரமா உட்காருங்க" என்றதற்கு அப்புறம் யாரும் என்னை இப்படிச் சொன்னதில்லை. இரண்டையும் நான் மறக்கமாட்டேன்.

இவள் கேட்க வந்தது பாத்ரூம் இல்லையாம். "உங்களுக்கும் திக்குமா?" என்று. அதற்கு அவள், "இப்பவும் திக்கும் பாப்பா. முன்னாடி பயந்துகிட்டு பேசவே மாட்டேன். இப்ப பேசறேன், மத்தவங்க காத்திருக்காங்க. நீ சொல்ல வந்ததை வேற யாரும் முடிக்க விடாதே" என்றாள். அன்றோடு என் நிம்மதி போச்சு.

மறுநாள் காலையில சமையல்கட்டுல வந்து நின்னு "பாட்டி, பா..." ங்கறா. நான் வாயைத் திறந்தா உள்ளங்கையைக் காட்டறா. சரி, ஆஸ்பத்திரிக்காரி உத்தரவு, கையைக் கட்டிக்கிட்டு அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். முடிச்சா. "பால் பொங்குது." அடுப்பைத் துடைக்க அரைமணி நேரம், என் இடுப்பு உனக்குத் தெரியும். அப்புறம் முட்டை. நாலு வயசுல இங்க வந்தப்ப "எனக்கு முட்டை..." ன்னு ஆரம்பிச்சா, "இன்னொண்ணு வேணுமா கண்ணு" ன்னு நான் முடிச்சேன். பிடிக்காதுன்னு சொல்ல வந்தாளாம். ஆறு வருஷமா தினம் ரெண்டு முட்டையும் எதிர்வீட்டு நாய்க்குப் போயிருக்கு. அந்த நாய் என்னைக் கண்டா ஏன் அப்படி உருகுதுன்னு இப்பத்தான் தெரியுது. அது போகட்டும், பக்கத்து வீட்டுக்காரி வந்தா. என் ஏணியை வாங்கிட்டுப் போய் பதினோரு வருஷமா திருப்பித் தராத அதே மகராசி. "பாட்டி இருக்காங்களா?" ன்னு கேட்டா. எப்பவும் இவ "பா..." ன்னு இழுக்கறதுக்குள்ள அவளே "இல்லையா, சரி" ன்னு போயிடுவா. இந்தத் தடவை இவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அவளை நிறுத்தி வச்சு, ஒரு எழுத்து விடாம முடிச்சா: "பாட்டி உள்ளதான் இருக்காங்க, நீங்க வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க." கதவுக்குப் பின்னால நின்ன எனக்கு எங்க போய் முகத்தை வச்சுக்கறது?

இப்ப பெரியவளானா டோக்கன் கூப்பிடற வேலைக்குத்தான் போவாளாம். கூடத்துல ஸ்டூலைப் போட்டு, சீட்டு கிழிச்சு, சாப்பாட்டுக்கு என்னை நம்பர் சொல்லிக் கூப்பிடறா. எனக்குப் பதினேழு. வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர், முன்னால இருக்கற பதினாறு பேர் யாருடா? ஒண்ணுலேர்ந்து ஒவ்வொண்ணா திக்கித் திக்கிக் கூப்பிட்டு, யாராவது எழுந்து வர்றாங்களான்னு வேற பார்க்கறா. சோறு ஆறிப்போகுது. ரெண்டு நாளா "பாட்டி, ஹாஸ்..." ன்னு வேற பின்னாலயே வர்றா. என்னென்ன எடுத்து வைக்கணும்னு கேட்பா, வேறென்ன? நானே எல்லாத்தையும் பெட்டியில அடுக்கிட்டேன். நின்னு கேட்க எனக்குத் தெம்பு இல்லடா. ஓய்ஞ்சு போயிட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடு. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, நூறு வயது இருங்கள். உன் மாமியாருக்கு எண்பது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கவரை ஒட்ட உட்கார்ந்தேன், மறுபடியும் "பாட்டி, ஹாஸ்..." ன்னு வந்து நின்னா. அடுப்புல ஒண்ணும் இல்ல, வாசல்ல யாரும் இல்ல, தப்பிக்க வழியே இல்ல. காத்திருந்தேன். நடுவுல ரெண்டு தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு, கடிச்சுக்கிட்டேன். அவ சொன்னது இது: "ஹாஸ்டலுக்கு நான் போகமாட்டேன். அன்னைக்கு அப்பா போன்ல கேட்டப்பவே சொல்ல வந்தேன்." அன்னைக்கு நடந்தது எனக்கு அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. நீ கேட்டே, அவ போனை வாங்கி "நான்..." ன்னா, நான் பிடுங்கி "சந்தோஷமா போறேங்கறாடா" ன்னு சொல்லிட்டேன். அதுல "நான்" கறது மட்டுந்தான் அவளோடது. மீதி பூரா என்னோடது. பெட்டியைப் பிரிச்சு எல்லாத்தையும் பழையபடி அலமாரியில வச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை வா, கூட்டிப்போக இல்ல. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா. ஆறு வருஷமா அவ உன்கிட்ட சொல்ல வந்ததெல்லாம் பாதியிலேயே நிக்குது.