நாலரைக்கு ஒரு பரிகார அர்ச்சனை

அவசரமாகத் துக்கப்படுவதில் எனக்கு நிகர் எவருமில்லை. நற்செய்தியைக்கூட முதலில் அழுதுவிட்டுத்தான் நம்புவேன்.

என் மகள் கோதை சட்டம் படிக்க விரும்பினாள். அதற்குப் பல்கலைக்கழக நுழைவு ஆங்கிலத் தேர்வில் நல்ல 'பேண்ட்', அதாவது தரநிலை, வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அவள் அண்ணன் அருள் அதே தேர்வில் பேண்ட் ஐந்து வாங்கியவன். அன்று உச்சம் ஆறு. ஐந்தையாவது எட்டாவிட்டால் சட்டப்படிப்பு கிட்டாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். (யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே!)

ஒரு வெள்ளிக்கிழமை, புக்கிட் ரம்பாய் வீட்டு வாசலில் கோதை முடிவுத்தாளை நீட்டினாள்.

"அப்பா, நாலரை!"

அவள் கண்கள் மின்னின. கண்ணீர் என்று கொண்டேன்.

"எல்லாம் அவன் செயல்மா," என்று ஈனசுரத்தில் சொல்லி, தாளோடு மலாக்கா கோயிலுக்குக் காரை விட்டேன். அவள் வாசலிலேயே நிற்பது கண்ணாடியில் தெரிந்தது.

அன்று பதிகம் ஓதும் முறை என்னுடையது. தாளை இறைவன் திருவடியில் வைத்து, கோதை பெயருக்குப் பரிகார அர்ச்சனை செய்யுமாறு குருக்களிடம் வேண்டினேன். பிறகு ஒலிபெருக்கியில், "என் மகளுக்கு நேர்ந்த சோதனை நீங்க அன்பர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும்," என்று தழுதழுத்து, மிக உருக்கமான பண்ணில் பதினொரு பாடல்களையும் பாடினேன். (வழக்கமாக நான்கோடு நிறுத்துபவன்.) முன்வரிசையில் இருவர் மூக்கைச் சிந்தினர்.

கடைசிப் பாடலில் கோதை வந்தாள், டப்பா நிறையக் கேசரியோடு. மூக்கைச் சிந்திய இருவரில் ஒருவரான இராசம்மா அக்கா அவளைக் கட்டிக்கொண்டார்.

"அழாதம்மா. அடுத்த வருசம் எழுதிக்கலாம்லா."

"எதை ஆன்ட்டி?"

"பரீட்சையத்தான். அப்பா மைக்குல அழுதாரே! ஆமா, கேசரி எதுக்கு?"

"பாஸானதுக்கு!"

கோதை நேரே என்னிடம் வந்தாள். "அண்ணன் எழுதினது பழைய தேர்வுப்பா. இப்ப மாத்திட்டாங்க, ஆறே கிடையாது. ஐஞ்சு, அதுக்கு மேல ஒரு பிளஸ், அவ்வளவுதான். சட்டத்துக்கு நாலே போதும். பின்பக்கம் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. குருக்கள் பூக்களை விலக்கித் தாளை எடுத்துப் பார்த்தார். அணைக்காத ஒலிவாங்கியருகே நின்று பின்பக்கத்துத் தர அட்டவணை முழுவதையும் வாசித்தார்.

"ஐயா, புள்ள நல்லாத்தான் வாங்கியிருக்கு. பரிகாரத்த யார் பேருக்குச் செய்யறது?"

கோயிலே சிரித்தது. கோதை மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு வாசல்லயே நின்னேன்ப்பா," என்றாள் மெல்ல. ஒலிபெருக்கி அதையும் விடவில்லை.

"என் பேருக்கே செஞ்சிடுங்க, சாமி," என்றேன். பிறகு அவள் கையிலிருந்த கேசரியை வாங்கி, "என் மகள், நாலரை" என்று ஒவ்வொருவருக்கும் நானே வழங்கினேன்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக்கூட என்னிடம் கவிழ்த்தே நீட்டுகிறார்கள். சென்ற மாதம் கோதை பட்டம் பெற்றாள். சான்றிதழைக் கவிழ்த்து என் கையில் வைத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நல்லாப் பார்த்துக்குங்கப்பா. அப்புறமா கோயிலுக்குப் போங்க."

"நல்லாருக்கும்மா," என்றேன், திருப்பிப் பார்க்காமலே.